அம்மாவுக்கு இழுப்பு, பெரியவருக்குப் பீடி: டீக்கடையில் நான் கேட்டது தப்பா?

தென்கடல்_வாசி | ஞாயிறு, இரவு 9.12

மனசு ஆறாமல் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 72 வயசு. இழுப்பு உண்டு. பையில் இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். மாசம் ஒரு தடவை மருந்து வாங்க ராமநாதபுரம் கூட்டிப்போகிறேன். திரும்பி மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கடையில் டீயும் உளுந்த வடையும். அதற்கப்புறம்தான் வீடு. அப்பா இருந்த காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. அதை மட்டும் அம்மா விட மாட்டாள்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. 61 நாள் ஆண்கள் எல்லாரும் கரையில்தான். டீக்கடை பெஞ்சில் விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை இடமே கிடையாது. நேற்று நாங்கள் போனபோதும் அப்படித்தான். ஒரு பெரியவர் தானாக நகர்ந்து, "உக்காருங்க ஆத்தா" என்று அம்மாவுக்கு இடம் கொடுத்தார். கொடுத்த கையோடு ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

தாழ்வான தகரக் கொட்டகை. கச்சான் அடிக்க ஆரம்பித்துவிட்டதல்லவா, காற்று நேரே அவர் பக்கமிருந்து அம்மா மேல். அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள், இருமினாள். நான், "அய்யா, அம்மாவுக்கு இழுப்பு இருக்கு, வெளியே போய்க் குடிங்க" என்றேன். திட்டவில்லை. ஆனால் குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. கடை முழுக்கப் பேச்சு நின்றுபோனது. அவர் பதிலே சொல்லவில்லை. பீடியைத் தரையில் நசுக்கினார், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர், "இடம் குடுத்த மனுசனையே எழுப்பிவிட்டீகளே தம்பி" என்றார்.

வீடு வரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை. அவளுக்காகத்தான் கேட்டேன். நான் கேட்டது தப்பா?

பாம்பன்_பையன் | ஞாயிறு, இரவு 9.20

தப்பே இல்லை அண்ணே. பொது இடத்தில் புகை பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். அவர் எழுந்து போனதோடு விட்டீர்களே, அதுவே பெரிசு. எனக்கு இந்தப் பீடிக்காரர்களைக் கண்டாலே ஆகாது.

வாய்தா | ஞாயிறு, இரவு 9.51

கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு விளக்கம். பாதி தெரிந்துகொண்டு பேசுகிறவர்கள்தான் அதிகம்.

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003ஆம் ஆண்டுடையது. பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்பது அதன் 4ஆவது பிரிவு. ஆனால் அது ஊருக்குள் உறைத்தது 2008 அக்டோபர் 2இலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளுக்கு அப்புறம்தான். திறந்தவெளிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. உடனே "பஸ் ஸ்டாண்டு திறந்தவெளிதானே" என்று ஒருவர் கிளம்புவார். கிடையாது. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போல ஜனங்கள் கூடும் இடங்களை அந்த விலக்கில் சேர்க்க முடியாது என்று 2008 விதியே சொல்கிறது. டீக்கடை உணவகக் கணக்கில் வரும். புகைக்கத் தனி இடம் ஒதுக்கலாம் என்ற சலுகை 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகத்துக்கும், 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டலுக்கும், விமான நிலையத்துக்கும்தான். ஆறு பேர் உட்காரும் கொட்டகைக்கு இல்லை.

இன்னொன்று. பொறுப்பு குடிக்கிறவருக்கு மட்டும் அல்ல, கடைக்காரருக்கும் உண்டு. வாசலில் 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் நான் பார்த்த ஒரு கடையில் பலகை ஒழுங்காகவே இருந்தது. அந்தப் பலகை அடித்திருந்த அதே ஆணியில் பீடி பற்றவைக்கும் நெருப்புக் கயிறும் கனிந்துகொண்டு தொங்கியது. நான் சிரித்ததைப் பார்த்துக் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆக, சட்டம் தென்கடல் பக்கம். அம்மா ஏன் பேசவில்லை என்ற கேள்விக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

கீழக்கரை_காக்கா | ஞாயிறு, இரவு 10.34

நான் குடிக்கிறவன். 22 வருசமாக. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கல்லெறிய வசதியாக இருக்கும்.

பாம்பன் தம்பி, "கண்டாலே ஆகாது" என்று எழுதினீர்கள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று எங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? பெட்டியில் 85 சதவீத இடத்துக்குப் படம் போட்டிருக்கிறார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் தீக்குச்சி உரசுகிறேன். என் மகள் அந்தப் படத்தைக் காட்டி "வாப்பா, இது நீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு மேல் யாரும் என்னை வெட்கப்பட வைக்க முடியாது.

வளைகுடாவில் 14 வருசம் இருந்தேன். அங்கே விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கும். உள்ளே போய் நின்றால் மிருகக்காட்சிசாலைக் குரங்கு மாதிரி. வெளியே போகிறவர்கள் குழந்தைகளுக்குக் கைகாட்டிவிட்டுப் போவார்கள். கூண்டில் இருந்தவர்கள் யாரும் அதனால் பழக்கத்தை விட்டுவிடவில்லை. கூண்டுக்குள் இருக்கிறவர்களோடு ஒரு சிநேகம்தான் வந்தது.

ஆனாலும் தென்கடல் அண்ணன் கேட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. நோன்பு மாசத்தில் விடியலுக்கு முன் சாப்பிட்டால் பொழுது சாயும் மக்ரிப் பாங்கு வரை பச்சைத் தண்ணீர் கிடையாது, சிகரெட்டும் கிடையாது. 13 மணி நேரம் இருக்கிறேன், ஒன்றும் செத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட நான் ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடி போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் பொறுக்க முடியவில்லை என்று சொன்னால் அது பொய். முடியாமல் இல்லை. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காததால் வருவது அது.

அதனால் கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் "வெளியே போ" என்று நாய்க்குச் சொல்வதுபோல் சொன்னால், எழுந்து போகிறவன் அடுத்த கடையில் போய் ரெண்டாகக் குடிப்பான்.

பாம்பன்_பையன் | ஞாயிறு, இரவு 10.41

"வெளியே போய்க் குடிங்க" என்பதுதான் அண்ணன் சொன்னது. மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். மற்றவர் மூச்சை நாசமாக்குகிறவருக்குக் கேட்கும் விதமும் பன்னீர் தெளித்து வேண்டுமா காக்கா?

கீழக்கரை_காக்கா | ஞாயிறு, இரவு 10.44

பன்னீர் வேண்டாம் தம்பி. பெட்ரோல் தெளிக்காமல் இருந்தால் போதும்.

நைட்_டூட்டி_அக்கா | திங்கள், அதிகாலை 3.05

வார்டில் இப்போதுதான் கொஞ்சம் ஓய்வு. நெபுலைசர் வைத்த ஒரு பாட்டி தூங்கிவிட்டார், அதனால் இந்தப் பேச்சு கண்ணில் பட்டதும் விட முடியவில்லை.

பீடி குடிப்பவர் உள்ளே இழுத்து ஊதிவிடும் புகையைத்தான் எல்லாரும் புகை என்று நினைக்கிறார்கள். இரண்டு இழுப்புக்கு நடுவில் அவர் கையில் சும்மா கனிந்துகொண்டிருக்கிறதே, அந்த நுனியிலிருந்து வரும் புகைதான் பக்கத்தில் இருப்பவருக்குப் போவதில் பெரும்பகுதி. அதாவது குடிப்பவர் "நான் அந்தப் பக்கம் பார்த்துத்தான் ஊதினேன்" என்று சொல்வது உண்மையாகவே இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

பீடியின் இலை சிகரெட் தாள் மாதிரி காற்றை உள்ளே விடாது. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும், அதனால் அழுத்தி அழுத்தி இழுக்கிறார்கள். "பீடி இலைதானே, இயற்கை" என்று சொல்லி என்னிடமே மார்பு எக்ஸ்ரேயை நீட்டியவர்கள் உண்டு. தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் சிகரெட்டுக்குக் குறைச்சல் இல்லை, கூடுதல்தான்.

தான் குடிக்காமல் அடுத்தவர் புகையால் சாகிறவர்கள் உலகத்தில் வருசத்துக்குச் சுமார் 16 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. ஆஸ்துமாக்காரருக்கு அந்தக் கொட்டகையில் இருந்த ரெண்டு நிமிசமே போதும், இரவு ஆஸ்பத்திரியில் கழியலாம்.

ஆனால் எங்களிடம் வரும் அம்மாக்களில் பலருக்குப் புகை வருவது டீக்கடையிலிருந்து அல்ல. 2016-17இல் எடுத்த அகில இந்தியப் புகையிலைக் கணக்கெடுப்பில் 100 பெரியவர்களில் 38 பேருக்கு மேல் வீட்டுக்குள்ளேயே அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாக வந்தது. டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம் சத்தம் போட்டுவிடலாம். வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கும் மாமனாரிடம் எந்த மருமகள் சொல்வாள்? புகை ஜன்னல் வழியே தொட்டிலுக்கு வரும். குழந்தைக்கு அடிக்கடி சளி, காதில் சீழ். "தண்ணி மாறினதால" என்று காரணம் சொல்வார்கள்.

காக்கா, விடவேண்டும் என்று தோன்றினால் 1800-11-2356, காசில்லாமல் பேசலாம். உங்கள் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, அந்தப் படத்துக்குப் பக்கத்தில்.

கரிமூட்டம் | திங்கள், காலை 7.30

எங்கள் சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிக்கு மூட்டம் போட்டால் நாள்கணக்கில் புகையும். ஊரே அதில்தான் கிடக்கிறது. லாரி புகை, செங்கல் சூளை, குப்பை எரிக்கிற புகை என்று ஆயிரம் இருக்கிறது. ஒரு கிழவர் கையில் இருக்கும் பீடி மட்டும் எல்லார் கண்ணையும் உறுத்துகிறது. ஏழை கையில் இருப்பதால்தான் இந்தப் பேச்சு. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிள்ளைகளோடு போகும்போது சிகரெட் பிடிக்கிறவரை யார் கேட்கிறீர்கள்?

வாய்தா | திங்கள், காலை 8.02

கடைசி வரிக்கு மட்டும் கைதட்டல். மற்றதுக்கு ஒரு கேள்வி: மூட்டம் போடும்போது ஊருக்கு எந்தப் பக்கம் போடுகிறீர்கள்?

கரிமூட்டம் | திங்கள், காலை 8.15

காற்று ஊருக்குள் வராத பக்கம். இல்லாவிட்டால் பெண்கள் விளக்குமாற்றோடு வந்துவிடுவார்கள்.

சரி, புரிகிறது. மடக்கிவிட்டீர்கள்.

கூடைக்காரி_மகள் | திங்கள், பகல் 1.48

எல்லாரும் புகையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வாடையைப் பற்றிப் பேசப் போகிறேன், இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் உள்ளதுதான்.

என் அம்மா 30 வருசம் தலையில் மீன்கூடை சுமந்தவள். தங்கச்சிமடத்தில் ஏலம் எடுத்து, உச்சிப்புளி வரை பஸ்ஸில் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்பாள். எத்தனை நாள் பஸ்ஸில் ஏற விடாமல் இறக்கிவிட்டிருக்கிறார்கள் தெரியுமா? "நாத்தம் தாங்கல, அடுத்த வண்டியில வா." அடுத்த வண்டியிலும் அதேதான். ஐஸ் உருகும், மீன் கண் சிவக்கும், விலை பாதியாகும். பள்ளி லீவு நாளில் நானும் கூடப் போவேன். ஒரு தடவை அப்படி இறக்கிவிட்ட பஸ்ஸின் டிரைவர், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பீடியை உதட்டில் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மீன் வாடை யாருக்கும் இழுப்பு வரவழைத்ததில்லை. ஆனாலும் இறங்க வேண்டியவள் என் அம்மாதான்.

இத்தனைக்கும் அம்மா கடைசி சீட்டுக்குப் பக்கத்தில்தான் போய் நிற்பாள். கூடையில் ஈரச் சாக்கைச் சுற்றி, அதுக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு, தண்ணீர் சொட்டாமல் அடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டுதான் ஏறுவாள். ஏறும்போதே "கொஞ்சம் பொறுத்துக்கங்க, உச்சிப்புளில இறங்கிருவேன்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்வாள். யாரும் கேட்காமலே சொல்வாள். எனக்கு அப்போது அவமானமாக இருக்கும். இப்போது யோசித்தால், பீடி குடிக்கும் ஓர் ஆள் "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று என் ஆயுளில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

தென்கடல் அண்ணே, உங்கள் அம்மா ஏன் பேசவில்லை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கடை முழுக்கப் பார்க்க ஒருவரை எழுப்பி அனுப்புவது என்றால் என்ன என்று எங்கள் அம்மா தலைமுறைப் பெண்களுக்குத் தெரியும். அவர்களை எழுப்பியிருக்கிறார்கள்.

தென்கடல்_வாசி | திங்கள், பகல் 2.10

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அந்தப் பிள்ளை எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டாள்.

அணியம் | திங்கள், இரவு 8.40

ராமேஸ்வரத்தில் விசைப்படகில் போகிறவன். தடைக்காலம் என்பதால் எழுத நேரம் இருக்கிறது. இதுவே கடல் திறந்திருந்தால் இந்நேரம் மடிவலை இழுத்துக்கொண்டிருப்பேன்.

டீக்கடையில் இருப்பவருக்கு எழுந்து போக இடம் இருக்கிறது. படகில்? காலையில் ஏறினால் மறுநாள் காலைதான் கரை. ஆறு பேர். ஒருவர் பற்றவைத்தால் இன்னொருவர் எங்கே இறங்கிப் போவது? அதனால் இந்த விசயத்தில் கரையைவிடக் கடலில்தான் ஒழுங்கு அதிகம். வெளியாருக்கு நம்பச் சிரமமாக இருக்கும்.

நான் முதல் தடவை கடலுக்குப் போனபோது 17 வயசு. வாடைக் காலம். படகு ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. ஏற்கெனவே டீசல் வாடை. அதோடு டிரைவர் அறைக்குள் ஓர் அண்ணன் பீடியைப் பற்றவைத்தார். அவ்வளவுதான், அவர் கால் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். எங்கள் டிரைவர், 60ஐத் தாண்டியவர், அந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "காத்தைப் பார்க்கத் தெரியாதவன் கடலுக்கு எதுக்குடா வர்ற?"

அவர் படகில் சட்டம் இதுதான். பீடி வேண்டும் என்றால் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கடைசிக்குப் போய் உட்கார்ந்து குடி. காற்று மாறினால் நீயும் மாறு. இன்ஜின் பக்கம், டீசல் கேன் பக்கம் நெருப்போடு வந்தால் அடுத்த தொழிலுக்கு வேற படகு பார்த்துக்கொள். தூங்குகிறவன் தலைமாட்டில் குடிக்காதே, மூணு மணி நேரம்தான் அவனுக்குத் தூக்கம். இதையெல்லாம் எழுதி ஒட்டவில்லை. டிரைவரே குடிக்கிறவர்தான். அவரே எழுந்து படகின் முன்பக்கம் அணியத்துக்கோ, பின்பக்கம் அமரத்துக்கோ போவதைப் பார்த்துப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டோம்.

இரவு ரெண்டு மணிக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பீடி என்கிறோம். பாதி உண்மை. மீதி, கை சும்மா இருக்க முடியாமல்தான். இப்போது தடைக்காலத்தில் எனக்கு முன்னைவிடக் கூடிவிட்டது. வேலை இல்லை, பேச்சும் இல்லை, நிவாரணப் பணம் எப்போது வரும் என்று உட்கார்ந்திருக்கும்போது கட்டுக் கட்டாகப் போகிறது. அந்தப் பெரியவரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அவர் செய்ததைச் சரி என்று சொல்லவில்லை. கடலில் காற்றுப் பார்க்கத் தெரிந்த மனுசருக்குக் கரையில் மறந்துபோனது எப்படி என்றுதான் யோசிக்கிறேன். நானும் மறந்திருக்கிறேன்.

நைட்_டூட்டி_அக்கா | திங்கள், இரவு 9.15

அருமை தம்பி. ஆனால் ஒன்று. திறந்த கடலில் காற்றுப் பார்த்து உட்கார்வது நடக்கும். தகரக் கொட்டகையில் அது எடுபடாது, புகை கூரையில் முட்டிச் சுற்றும். அங்கே வெளியே வருவது ஒன்றுதான் வழி.

பழைய_விசில் | செவ்வாய், காலை 6.25

ஓய்வு பெற்ற நடத்துனர். மகள் போனில் இதைக் காட்டினாள், அவளே டைப் செய்கிறாள்.

கூடைக்காரி மகளே, அந்த மாதிரி நானும் இறக்கிவிட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. இப்போது சொல்லி ஒன்றும் ஆகாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1988இல் பாம்பன் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் போக ரயில்தான். அந்தப் பெட்டிகளில் பீடிப் புகையில் ஆள் முகம் தெரியாது. ரயில்வே சட்டம் 1989இல் 167ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. பெட்டியில் உள்ள வேறொரு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது, மீறினால் 100 ரூபாய் வரை அபராதம். "ஆட்சேபித்தால்" என்பதைக் கவனியுங்கள். யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டும். (முழுக்கத் தடை போடும் அதிகாரமும் அதே பிரிவில் ரயில்வேக்கு உண்டு.) நம் ஊரில் யார் வாயைத் திறப்பார்கள்? ஜன்னலைத் திறப்பார்கள்.

பஸ்ஸில் "புகை பிடிக்காதீர்" என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து குடிப்பார்கள். நான் அபராதம், போலீஸ் என்று பேசிப் பார்த்தேன், சண்டைதான் வந்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். பீடியோடு ஏறுகிறவரிடம், "அண்ணே, முடிச்சிட்டே ஏறுங்க, வண்டி நிக்கும்" என்பேன். சத்தியமாக ஒரு நிமிசம் வண்டியை நிறுத்துவேன். பஸ்ஸில் இருக்கும் 50 பேரும் அவரைப் பார்ப்பார்கள். நான் திட்டவே இல்லை, அவருக்காக வண்டி நிற்கிறது, அவ்வளவுதான். ரெண்டு இழுப்பில் எறிந்துவிட்டு ஏறிவிடுவார். அடுத்த நாள் அவரே நிறுத்தத்தில் காலில் நசுக்கிக்கொண்டு நிற்பார். நேரத்துக்கு வண்டி போய்ச் சேரவில்லை என்று எனக்கு மெமோ வந்தது வேறு கதை.

அரிச்சல்முனை | செவ்வாய், காலை 9.00

புகையை விடுங்கள், துண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. அக்னி தீர்த்தக் கரையில் மணலைக் கையால் அள்ளினால் சங்கைவிடச் சிகரெட் துண்டு அதிகம் வருகிறது. அதில் இருக்கும் பில்டர் பஞ்சு இல்லை, ஒருவகைப் பிளாஸ்டிக். மக்காது. தென்கடலில் 21 தீவையும் பவளப்பாறையையும் தேசியப் பூங்கா என்று வைத்துக்கொண்டு, கரையில் இதைப் புதைக்கிறோம். சுற்றுலா வருகிறவர்கள்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாதி நம் ஆட்கள்.

நெறியாளர் | செவ்வாய், காலை 9.30

அரிச்சல்முனை, நியாயம்தான், தனி இழை தொடங்குங்கள். பாம்பன்_பையன், காக்காவின் உடல்நிலை பற்றி நீங்கள் எழுதிய பதிவை எடுத்துவிட்டேன். அது விவாதம் இல்லை, சாபம்.

பாம்பன்_பையன் | செவ்வாய், காலை 10.12

மன்னித்துக்கொள்ளுங்கள் காக்கா. என் அப்பாவுக்குத் தொண்டையில் வந்தது. போன வருசம். அந்த ஆத்திரம் யார் மேல் போவது என்று தெரியாமல் போகிறது.

கீழக்கரை_காக்கா | செவ்வாய், காலை 10.20

தம்பி, தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்கள். பேசலாம்.

தென்கடல்_வாசி | சனி, இரவு 8.55

சில நாளாக இந்தப் பக்கம் எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை டீக்கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "அந்தப் பெரியவரு இப்பல்லாம் விடியக்காலம் நாலரைக்கே வந்து குடிச்சிட்டுப் போயிர்றாரு, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "போய்க் கூப்பிட்டு வா" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

வியாழன் நாலரைக்குப் போனேன். கொட்டகைக்குள் ஒருத்தரும் இல்லை. அந்த இருட்டில் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரண்டுக் கம்பத்தடியில் நின்று குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கீழே போட்டுவிட்டார். நான் பேச ஆரம்பிக்குமுன், "ஆத்தாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார். பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சும்மா நின்றோம். அப்புறம் அவராகவே சொன்னார்: "நீங்க கேட்டது சரிதேன் அப்பு. எனக்கும் தெரிஞ்சிருக்கணும். ஆனா வெளிய போன்னு சொன்னீக பாருங்க. ஆத்தாவுக்கு இழுப்புன்னு மட்டும் சொல்லிருந்தா நானே எந்திரிச்சிருப்பேன்." நான் ரெண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்று வாதாடலாம். வாதாடவில்லை. அவருக்குக் கேட்டது ஒன்றுதான்.

இன்று சாயங்காலம் அம்மாவை வேண்டுமென்றே கூட்டிப்போனேன். மருந்து வாங்கும் நாள் இல்லை, சும்மா டீக்கு. அவர் வந்தார். அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தவர் காதில் பற்றவைக்காத பீடி ஒன்று செருகியிருந்தது. டீ முடியும்வரை அது அங்கேயே இருந்தது. அம்மா அவரிடம் படகு எப்போது இறங்கும், வலை பார்த்தாயிற்றா என்று கேட்டாள். "14ஆம் தேதி ராத்திரி தாண்டினா கடலுதேன் ஆத்தா" என்றார். நாங்கள் எழுந்து ரோட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். கம்பத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வாய்தா | சனி, இரவு 9.10

நெருப்புக் கயிறு?

தென்கடல்_வாசி | சனி, இரவு 9.14

அது கடையில் அப்படியே தொங்குகிறது. அதைப் பற்றிக் கடைக்காரரிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

கூடைக்காரி_மகள் | சனி, இரவு 9.32

அம்மாவிடம் சொல்லுங்கள், எந்த ஊர் என்று கேட்டாரே, தங்கச்சிமடம். அப்புறம் அந்தக் கடை வடை எத்தனை மணிக்குப் போடுவார்கள்?

தென்கடல்_வாசி | சனி, இரவு 9.40

சாயங்காலம் நாலு மணிக்கு. அஞ்சுக்கு மேல் போனால் தூள்தான் கிடைக்கும்.